முனிக்கு நான் சுற்றிய சுருட்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்து முனிக்கு வைக்கும் சுருட்டு அணையக்கூடாது. அதுதான் சட்டம். ஆடி மாதத்தில் ஒரு நாள், உச்சிப்பொழுதில், ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கல்லுக்கு முன்னால் பொங்கல் வைத்து, சேவல் அறுத்து, சாராயம் ஊற்றி, கடைசியாகப் பூசாரி ஒரு சுருட்டைப் பற்றவைப்பார். மூன்று இழுப்பு இழுத்துவிட்டுச் சூலத்தின் அடியில் சாய்த்து வைப்பார். அடியில் கட்டியிருக்கும் நூல் வரைக்கும் அது தானாக எரிந்து போனால் முனி வாங்கிக்கொண்டார் என்று அர்த்தம். நடுவில் அணைந்தால் மறுபடி பற்றவைக்கலாம். மூன்று தரம் அணைந்தால் முனி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மற்றத் தோட்டங்களில் இந்தப் பூசையை இரவில் செய்வார்கள். எங்கள் மலையில் சிறுத்தை நடமாட்டம் இருப்பதால் எந்தக் காலத்திலோ பகலுக்கு மாற்றிவிட்டார்கள். முனி அதற்கு ஆட்சேபணை சொன்னதாகத் தெரியவில்லை.

அந்தப் பூசாரி என் வீட்டுக்காரர். பெரிய பதவி என்று நினைத்துவிட வேண்டாம். வருடத்தில் ஒரு நாள்தான் அவர் பூசாரி. மற்ற நாளெல்லாம் டிக்கோயாப் பக்கத்தில் எங்கள் தோட்டத்து ஸ்டோரில் பச்சைக் கொழுந்து வாட்டுகிறவர். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். பத்துச் சொல் பேசினால் ஒரு சொல் பதில் வரும் மனிதர். மிச்ச ஒன்பதையும் சேர்த்துப் பேசுகிறவள் நான். ஆனால் அந்த ஒரு நாளில், நெற்றி நிறையத் திருநீறோடு கல்லுக்கு முன்னால் நிற்கும்போது அவர் வேறு ஆள். அவருடைய அப்பா நின்ற இடம் அது. அந்த ஒரு நாளின் பெருமையை வைத்துத்தான் அவர் வருடம் முழுவதையும் ஓட்டினார் என்று எனக்குத் தெரியும்.

சில வருடங்களுக்கு முன்பு ஓர் ஆடியில் அந்தச் சுருட்டு மூன்று தரம் அணைந்தது.

பெண்கள் ஓடையைத் தாண்டக்கூடாது. இந்தக் கரையில் நின்றுதான் பார்க்க வேண்டும். பத்தடி தூரம்தான், எல்லாம் தெரியும், எல்லாம் கேட்கும். அன்றைக்குக் காலையிலிருந்து பூந்தூறல். முதல் தரம் அணைந்தபோது யாரும் கவலைப்படவில்லை. இரண்டாம் தரம் அணைந்தபோது பேச்சு நின்றது. மூன்றாம் தரம் என் வீட்டுக்காரர் தூறல் படாமல் குனிந்து மறைத்துக்கொண்டு தீக்குச்சியைக் கிழித்தார். புகை நூல் மாதிரி கொஞ்சம் மேலே வந்தது, நின்றது. கோயில் கமிட்டித் தலைவர் வானத்தைப் பார்த்தார். பொங்கலை எல்லாரும் வாங்கினார்கள், யாரும் ருசித்துச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை பெரட்டுக்குப் போய் நின்றேன். வேலைக்குப் பெயர் கொடுக்கும் அந்த இடத்தில் நாலு பேர் நின்றால் நாற்பது கதை பிறக்கும். மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா யாருக்கு எந்த மலை என்று பிரித்துக் கொடுப்பதற்குள் கதை என் காதுக்கு வந்துவிட்டது.

"பூசாரி வீட்டுல சுத்தம் பத்தலையாம்."

சுத்தம் பத்தவில்லை என்றால் வீடு கூட்டவில்லை என்று அர்த்தம் இல்லை. விரத நாளில் நான் வீட்டுக்குத் தூரமாக இருந்துகொண்டே அவருக்குச் சமைத்துப் போட்டேன் என்று அர்த்தம். தீட்டோடு சமைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு அவர் முனிக்கு முன்னால் போய் நின்றாராம், அதனால் முனி வாங்கவில்லையாம். எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. அந்தச் சங்கதி நின்று இரண்டு வருடமாகிவிட்டது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வது? கோயில் ஸ்பீக்கரில் அறிவிக்கவா? ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

கதையை முதலில் அவிழ்த்தவள் யார் என்று எனக்குத் தெரியும். தலைவரின் மனைவி. மலையில் எனக்கு அடுத்த நிரையில் கொழுந்து எடுப்பவள். என் முகத்துக்கு நேரே 'அக்கா, அக்கா' என்பாள். அன்றைக்கு மட்டும் மற்றப் பக்கத்து நிரைக்காரியிடம், எனக்குக் கேட்கும்படி, "சாமி காரியம்னா வீட்டுல இருக்கிறவங்களும் கவனமா இருக்கணும்ல" என்றாள். நான் கையில் வந்த கொழுந்தைப் பிய்த்து எறிந்தேன்.

அந்த வாரமே தலைவர் எங்கள் லயத்து வரிசை வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான், மரியாதையாகத்தான் சொன்னார்.

"இன்னொரு வருசம் பாப்போம்ண்ணே. அடுத்த ஆடியிலயும் இப்படியே நடந்தா வேற ஆளத்தான் பாக்கணும். தோட்டத்துக்கு ஆகாதுல்ல."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். அதற்குப் பிறகு அந்த மனிதர் பேசிக்கொண்டிருந்த ஒரு சொல்லும் நின்றுபோனது. ஸ்டோருக்குப் போவார், வருவார், சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். பிள்ளைகள் இரண்டு பேரும் கொழும்பில் வேலை. வீட்டில் நானும் அந்தச் சுவரும்தான். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது.

பூசைக்கு வாங்கிய சுருட்டுக் கட்டில் மிச்சம் கிடந்தது. ஒன்றை எடுத்துப் பிளேடால் நீளமாகக் கீறினேன். உள்ளே இலை கறுத்து ஈரமாக, பஞ்சு ஒட்டின மாதிரி பூஞ்சணம். பஜார் கடையில் மழை ஒழுகும் மூலையில் எத்தனை மாதம் கிடந்ததோ. கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன்.

"பாருங்க. இது எப்படிங்க எரியும்?"

"சாமி காரியத்துல கடைய குத்தம் சொல்லக்கூடாது புள்ள."

"அப்ப என்னைய சொல்லலாமா?"

அவர் கீறின சுருட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "அடுத்த தரம் நல்ல கடையா பாத்து வாங்குவோம்" என்றார்.

"எந்தக் கடையிலயும் வாங்க வேணாம். நம்ம வீட்டுல சுத்தம் பத்தலேன்னாங்கல்ல? சுருட்டு நம்ம வீட்டுலேருந்தே போகட்டும். நான் சுத்துறேன்."

வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, புகையிலையை அதுவரை வெற்றிலையோடு சேர்த்து வாயில் போட்டதோடு சரி. அது எப்படி முளைக்கும் என்றுகூடத் தெரியாது.

வலப்பனைப் பக்கம் என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்திருக்கிறது. அங்கே பொலையில், அதுதான் வாரச்சந்தையில், வெற்றிலையும் புகையிலையும் விற்கும் ஒரு சிங்களப் பெண் இருக்கிறாள். என் வயதுதான் இருக்கும். தன் வீட்டுக்குப் பின்னால் தானே புகையிலை போடுகிறவள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அடுத்த நாள் வீட்டுக்கு வரச் சொல்லி, நாற்று பதினெட்டைப் பிடுங்கி ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தாள். கொடுக்கும்போது இரண்டு விஷயம் சொன்னாள். "யட கொளே இஸ்ஸெல்லா." அடி இலையைத்தான் முதலில் பறிக்க வேண்டும். "கஹ வெனகங் இன்ன நங்கி." மஞ்சளாகும் வரைக்கும் பொறுத்திரு தங்கச்சி.

நான் தலையை ஆட்டினேன். மனதுக்குள், முப்பது வருடம் இலை பறித்தவளுக்கு இவள் இலை பறிக்கக் கற்றுக் கொடுக்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புத்தான் என்னைக் கவிழ்த்தது.

லயத்துக்குப் பின்னால் லீக்ஸ் பயிர் போடும் துண்டு நிலத்தில் பதினெட்டையும் நட்டேன். ஆவணி மாதம். கன்றுகள் நன்றாகவே வந்தன. முழங்கால் உயரம், இடுப்பு உயரம், இலை ஒவ்வொன்றும் முறம் மாதிரி. உச்சியில் இளம்பச்சையாக, பூனைக்காது போலக் குருத்து எழும்பியது. அதைப் பார்த்ததும் என் கை சும்மா இருக்குமா? தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும். குருத்தையும் அதற்கடுத்த இளம் இலைகளையும் கிள்ளி எடுத்தேன். கிள்ளின இடத்தில் பக்கத்திலிருந்து துளிர் விட்டது. கவ்வாத்து வெட்டின மலை துளிர்க்கிற மாதிரிச் சடசடவென்று துளிர்த்தது. எனக்கு ஒரே சந்தோஷம். தேயிலைக்குச் சுற்று வருகிற மாதிரி, ஏழு நாளைக்கு ஒரு தரம் அந்தத் துளிரை எல்லாம் எடுத்தேன். அடியில் பெரிய இலைகள் மஞ்சளாகிக்கொண்டு வந்தன. முற்றின இலை கூடையில் கிடந்தால் கங்காணி கத்துவாரே, அந்தப் பயம் ரத்தத்தில் ஊறியிருக்கிறது. எல்லாவற்றையும் உடைத்து எருக்குழியில் போட்டேன்.

எடுத்த இளம் இலையை ஒரு நாள் சாக்கில் பரப்பி வாட்டினேன். பிறகு அடுப்பு மேட்டில் சூடு படும்படி வைத்துக் காயவைத்தேன். மூன்றே நாளில் மொறுமொறுவென்று காய்ந்துவிட்டது, நிறம் மட்டும் பச்சை மாறவில்லை. எனக்குச் சந்தேகமே வரவில்லை. சுற்றினேன். சுற்றும்போதே பாதி பொடியாய்ப் போனது. மீதியை ஒரு மாதிரி நூலால் கட்டி, கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரிடம் கொடுத்தேன்.

பற்றவைத்து ஓர் இழுப்பு இழுத்தார். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுருட்டு 'உஸ்' என்று சீறிவிட்டு அணைந்தது. வீடு முழுவதும் புல் எரித்த வாடை. மறுபடி பற்றவைத்தார், மறுபடி சீறி அணைந்தது. அதை விரலில் பிடித்து உருட்டிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார். ஸ்டோரில் இருபத்தைந்து வருடம் கொழுந்து முகர்ந்த மூக்கு அது.

"என்னா எடுத்த? குருத்தா?"

"ஆமா. நல்ல எளங் கொழுந்தா பாத்துத்தான் எடுத்தேன்."

"எத்தன நாளைக்கு ஒருக்கா?"

"ஏழு நாள் சுத்து."

அவர் சுருட்டைக் கீழே வைத்தார். "தண்ணி கொதிக்க வையி புள்ள. சீனி நான் போடுறேன்" என்றார்.

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. அதற்குள் அவர் சிரிக்கத் தொடங்கிவிட்டார். ஆடியிலிருந்து சிரிக்காத மனிதர், சுவரில் சாய்ந்துகொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். பதினெட்டுச் செடியும் பாழ். நாலு மாதம் போய்விட்டது. அடுத்த ஆடி மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. இருந்தாலும் அந்தச் சிரிப்பைப் பார்த்தபோது, செடி போனால் போகட்டும் என்று தோன்றியது.

மார்கழியில் மறுபடி வலப்பனைக்குப் பஸ் ஏறினேன். மூக்கறுபட்டவள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். ஏழு நாள் சுற்று என்று சொன்னதும் அந்தப் பெண் வெற்றிலைக் கூடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டு அவர்களுக்கும் சொன்னாள். "மே தே நெவெய் நங்கி." இது தேயிலை இல்லை தங்கச்சி. நான் நின்று கேட்டுக்கொண்டேன். எனக்கு வேண்டியது நாற்று. சிரித்து முடித்ததும் அவளே என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய், கூரைக்குக் கீழே கயிற்றில் தொங்கின இலைகளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னாள். மான்தோல் மாதிரி இருந்தது. குருத்தைக் கிள்ளுவது சரிதான், ஆனால் அதைத் தூக்கிப் போட வேண்டும். பக்கத்துளிரையும் பிடுங்கிப் போட வேண்டும். செடியின் சத்தெல்லாம் கீழ் இலைக்கு இறங்க வேண்டும். நான் எருக்குழியில் போட்டதுதான் புகையிலை. நான் பத்திரப்படுத்தினதுதான் குப்பை.

தை பிறந்ததும் அவள் கொடுத்த புது நாற்றை நட்டேன். இந்தத் தரம் வேலை என்று பார்த்தால் காத்திருப்பதுதான் வேலை. அதைவிடக் கஷ்டமானதை நான் மலையிலும் பார்த்ததில்லை. காலையில் மலைக்குப் போகும்போதும் மாலையில் திரும்பும்போதும் அந்தத் துண்டு நிலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு தாண்டுவேன். பார்க்கிறவர்கள் எனக்கு இடுப்பு வலி என்று நினைத்துக்கொண்டார்கள். பங்குனி முடியும்போது அடி இலையில் மஞ்சள் திட்டுத் திட்டாக விழுந்தது. இலை தடித்து, தொட்டால் விரலில் பசை ஒட்டியது. காம்போடு கீழ்நோக்கி ஒடித்தேன். முப்பது வருடத்தில் முதல் தரம் முற்றின இலையை மடியில் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நடந்தேன்.

கயிற்றில் கோத்து வீட்டுக் கூரைத் தகரத்துக்குக் கீழே தொங்கவிட்டோம். வெயிலும் ஆகாது, அடுப்புச் சூடும் ஆகாது. நிழலில், காற்றில், தானாக நிறம் மாற வேண்டும். அங்கேதான் எங்கள் மலை விளையாட்டுக் காட்டியது. வலப்பனைக் காற்று காய்ந்த காற்று. எங்களுக்கு வைகாசி வந்தால் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு நாள் பார்த்தால் நாலைந்து இலையில் வெள்ளைப் பூஞ்சணம்.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் இறங்கினார். ஸ்டோரில் காற்றைப் பார்த்துக் கொழுந்தைப் புரட்டுவதுதானே அவர் பிழைப்பு? மூட்டம் வரும்போது கதவைச் சாத்துவார், வெயில் எட்டிப் பார்த்தால் முன்கதவையும் பின்கதவையும் திறந்துவிடுவார். கயிற்றை விரித்து இலைக்கு இலை இடைவெளி விட்டார். பூஞ்சணம் கண்ட இலையை எடுத்துப் போட்டுவிட்டு, மற்றதை ஒவ்வொன்றாகக் காய்ந்த துணியால் துடைத்தோம். இலை ஊதாவும் மண்ணிறமும் கலந்த மாதிரி ஆனதும், ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துவிட்டுக் கையைத் திறப்பார். கொழுந்து வாடிவிட்டதா என்று பார்க்கிற அதே பிடி. இலை நொறுங்காமல், ஒட்டாமல், மெதுவாக விரிய வேண்டும். ஒரு வாரம் தினமும் இல்லை என்று தலையை ஆட்டினார். எட்டாம் நாள், "ஆச்சு" என்றார். வலப்பனைக்காரி அறியாத வித்தை அது. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

பிறகு இலையை அடுக்கிச் சாக்கில் இறுக்கிக் கட்டிப் பாடம் போட்டோம். உள்ளுக்குள் அது சூடேறும். கையை விட்டால் காய்ச்சல்காரப் பிள்ளையின் கழுத்தைத் தொட்ட மாதிரி இருக்கும். சூடு ஏறினதும் பிரித்து, அடியில் இருந்ததை மேலே வைத்து மறுபடி கட்ட வேண்டும். முதலில் மாட்டுத் தொழுவ வாடை அடித்தது. ஆனி நடுவில் ஒரு நாள் சாக்கைப் பிரித்தேன். தேனும் மண்ணும் கலந்த மாதிரி ஒரு வாசம் எழுந்து வந்தது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இது என் நிலத்து வாசம். எந்தக் கடையிலும் இது கிடைக்காது.

சுற்றுவதற்கு அவர் ஒரு பழைய தேயிலைப் பெட்டிப் பலகையை இழைத்துக் கொடுத்தார். நடு நரம்பை உரித்து எடுத்துவிட வேண்டும். கிழிந்த இலையெல்லாம் உள்ளுக்கு, கிழியாத நல்ல இலை மேலுக்கு. மேலிலையைச் சாய்வாக வெட்டி, ஓரத்தில் ரொட்டி மாவில் காய்ச்சின பசையைத் தடவி, ஒரு கையால் உருட்டிக்கொண்டே மற்றக் கையால் இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும். இறுக்கினால் புகை வராது. தளர்த்தினால் சருகு மாதிரி எரிந்து போகும். முதல் பத்தும் முருங்கைக்காய் மாதிரி வளைந்து வந்தன. ஆனால் என் விரல் சாதாரண விரலா? பனியிலும் மழையிலும் கண்ணை மூடிக்கொண்டு கொழுந்தையும் முற்றலையும் பிரித்த விரல். இரண்டாவது வாரத்தில் அதுவாகப் பிடிபட்டுவிட்டது. பலகையில் உருளும்போதே உள்ளே எங்கே இலை கட்டியாக இருக்கிறது, எங்கே வெற்றாக இருக்கிறது என்று விரல் சொன்னது.

சுற்றின இருபத்தொரு நாளும் மரக்கறிச் சாப்பாடு. தலைக்குக் குளித்துவிட்டுத்தான் பலகையைத் தொட்டேன். யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தேன். சுத்தம் என்றால் என்ன என்று யாராவது என் வீட்டுக்கு வந்து பார்க்கட்டும் என்ற திமிர்.

சோதித்துப் பார்க்க வேண்டுமே. பின்வாசலில், மூட்டம் நன்றாக அடைத்துக்கொண்டிருக்கிற நேரமாகப் பார்த்து, ஒன்றைப் பற்றவைத்து நானே மூன்று இழுப்பு இழுத்தேன். தலை கிறுகிறுத்தது. கல்லில் சாய்த்து வைத்துவிட்டுத் துணி துவைத்தேன். துவைத்து அலசிப் பிழிந்து முடிக்கும்போது அது நூல் வரைக்கும் எரிந்து, சாம்பல் உடையாமல் வெள்ளையாகக் கிடந்தது. அன்றைக்கு அடுத்த வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்திருந்தால் பைத்தியம் என்று சொல்லியிருப்பார்கள். ஈரக் கையோடு அந்தச் சாம்பலைக் கும்பிட்டேன்.

மிச்சம் இருந்தது ஒரே பயம். பெண் சுற்றினது என்று தெரிந்தால் கமிட்டி ஒத்துக்கொள்ளுமா? இரண்டு பேரும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். யாராவது கேட்டால், வலப்பனையிலிருந்து வந்தது என்று அவர் சொல்ல வேண்டும். நாற்று வலப்பனையிலிருந்துதானே வந்தது, அதனால் பொய் ஆகாது. நான் வாயைத் திறக்கக்கூடாது. இதை அவர் இரண்டு தரம் சொன்னார்.

ஆடி வந்தது. போன வருடம் மாதிரியே தூறல். பெண்கள் இந்தக் கரையில் நின்றோம். தலைவரின் மனைவி எனக்குப் பக்கத்தில் நின்றாள். என் வீட்டுக்காரர் சுருட்டைப் பற்றவைத்தார், மூன்று இழுப்பு, சூலத்தின் அடியில் சாய்த்து வைத்தார். நான் முனியைப் பார்க்கவில்லை, மன்னிக்க வேண்டும். சுருட்டின் நுனியை மட்டும் பார்த்தேன். தூறல் பலத்தபோது அது மங்கியது. பிறகு மறுபடி சிவந்தது. பாதி போனது, முக்கால் போனது. நெருப்பு நூலைத் தொட்டு, நூல் சுருண்டு கறுத்தபோது பெண்கள் குலவை போட்டார்கள்.

தலைவர் முகமெல்லாம் சிரிப்பாக, தட்டில் மிச்சம் இருந்த சுருட்டில் ஒன்றை எடுத்து முகர்ந்து பார்த்தார். "எங்கண்ணே வாங்குனீங்க?"

"வலப்பனையிலேருந்து வந்ததுங்க தலைவரே."

"அதானே பாத்தேன். கைப்பக்குவம் தெரிஞ்ச ஆம்பள எவனோ நல்லா சுத்தபத்தமா இருந்து சுத்தியிருக்கான்."

அதுவரை நான் சரியாகத்தான் இருந்தேன். அந்தச் சொல் வந்ததும், பேசி வைத்ததெல்லாம் காற்றில் போய்விட்டது.

"சுத்துனது நான்தாங்க தலைவரே" என்றேன். ஓடையைத் தாண்டி அந்தக் கரைக்குக் கேட்கும்படி சொன்னேன். "நட்டது, பறிச்சது, காயவச்சது, சுத்துனது, எல்லாம் நான்தான்."

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அப்போதுதான் என்ன செய்துவிட்டேன் என்று எனக்கே உறைத்தது. ஒரு வருடம் பாடுபட்டுக் கட்டினதை ஒரு சொல்லில் அவிழ்த்துவிட்டேன். அவருடைய அப்பா நின்ற இடம் என் வாயால் போகப்போகிறது.

தலைவர் கையிலிருந்த சுருட்டைத் தட்டிலே வைத்துவிட்டார். "பொம்பள கைப்பட்டதையாண்ணே முனிக்கு வச்சீங்க?"

என் வீட்டுக்காரர் குனிந்து, சூலத்தடியில் கிடந்த சாம்பலை ஒரு வெற்றிலையில் ஏந்தி எடுத்தார். பிறகு நிமிர்ந்தார்.

"எங்க வீட்டுல சுத்தம் பத்தலேன்னு போன வருசம் சொன்னாங்க தலைவரே. இது எங்க வீட்டுல வெளஞ்சது. எங்க வீட்டுல காஞ்சது. எங்க வீட்டுக்காரி கையால சுத்துனது. முனி நூல் வரைக்கும் வாங்கிட்டாரு. அவருக்கு இல்லாத தீட்டு நமக்கு எதுக்குங்க?"

இத்தனை சொல்லை அவர் ஒரே மூச்சில் பேசி நான் கேட்டதில்லை. தலைவர் சாம்பலைப் பார்த்தார், சூலத்தைப் பார்த்தார்.

எரிந்து முடிந்த சுருட்டின் சாம்பலை எல்லார் நெற்றியிலும் வைப்பது எங்கள் வழக்கம். முதலில் தலைவருக்கு, பிறகு வயதில் மூத்த ஆண்கள், பிறகு மற்ற ஆண்கள். கடைசியில் மிஞ்சினால் இந்தக் கரைக்கு வரும். தலைவர் வழக்கம்போல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நெற்றியைக் காட்ட நின்றார். என் வீட்டுக்காரர் அவரைத் தாண்டி நடந்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடையில் இறங்கினார். முழங்கால் வரை நனைந்து இந்தக் கரைக்கு ஏறி, என் முன்னால் வந்து நின்று, முதல் சாம்பலை என் நெற்றியில் வைத்தார்.

நான் அழுதேன். புகை கண்ணில் பட்டது என்று யாரிடமும் பொய் சொல்லவில்லை. பக்கத்தில் தலைவரின் மனைவி நின்றாளே, அவள் முக்காட்டை விலக்கித் தலையைக் குனிந்து கொடுத்தாள். அவளுக்கும் வைத்தார். பிறகு ஒவ்வொரு பெண்ணாக, வரிசையில் கடைசிப் பெண் வரைக்கும் வைத்துக்கொண்டே போனார். அந்தக் கரையில் ஆண்கள் எல்லாரும் தூறலில் நனைந்துகொண்டு, தங்கள் முறைக்காகக் காத்து நின்றார்கள்.